பீரோ எத்தனை நிமிடம் தாங்கும்?

தமிழ் நாளிதழ்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது வரும் செய்தி ஒன்று உண்டு. 'வீட்டின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்த மர்ம நபர்கள் பீரோவில் இருந்த இத்தனை பவுன் நகையை அள்ளிச் சென்றனர்.' ஊர் மாறும், பவுன் கணக்கு மாறும், வாக்கியம் அப்படியே இருக்கும். அதில் பீரோ என்ற சொல் தவறாமல் இடம்பெறுவதைத்தான் கவனிக்க வேண்டும். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் கட்டில், மெத்தை, குத்துவிளக்கோடு கண்ணாடி பதித்த பீரோவும் வந்து இறங்குகிறது. உள்ளே புடவைத் தட்டு, பாச்சை உருண்டை வாசம், நடுவில் சின்னதாக ஒரு லாக்கர், அதற்கும் உள்ளே ஒரு கள்ளறை. பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால். லாக்கர் சாவி பட்டுப்புடவை மடிப்பில். இந்த ஏற்பாடு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், முதல் முறையாக நுழையும் திருடனுக்கும் வழி கேட்க வேண்டிய தேவையில்லை. பீரோவின் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினால் தகடு மடங்கி, பூட்டின் நாக்கு தானாக வெளியே வந்துவிடும். துணியைத் தூசி படாமல் வைத்துக்கொள்ளச் செய்த அலமாரி அது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

அதற்குள் இருக்கும் பொருளின் மதிப்புதான் எங்கேயோ போய்விட்டது. 2020 ஜூலையில் ஒரு பவுன் 40,000 ரூபாயைத் தாண்டியபோதே ஊரெல்லாம் பெருமூச்சு விட்டது. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைக் கடந்தது. முப்பது பவுன் என்பது நடுத்தரக் குடும்பத்தில் பெரிய சேர்ப்பு இல்லை; மாமியார் போட்டது, தாய்வீட்டுச் சீர், பிள்ளை பிறந்தபோது வந்தது என்று தானாகவே சேர்ந்துவிடும். அந்த 240 கிராம் ஒரு சுருக்குப் பையில் அடங்கும். 90,000 கணக்கில் அதன் விலை 27 லட்சம். அதே விலைக்கு வரும் காரை ஒருவர் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இதை முடியும். ஆகவேதான் இப்போது பலரும் தனியாக ஒரு பெட்டகம் வாங்கக் கிளம்புகிறார்கள். கடைக்காரர் முதலில் காட்டுவது மின்னும் எண் பலகையை. அடுத்து கைரேகை, அதற்கடுத்து கைபேசிக்குத் தகவல் அனுப்பும் வசதி. ஆனால் எந்தப் பெட்டகமும் உடைபடக்கூடியதே. அது எத்தனை நிமிடம் தாங்கும், அந்த நிமிடங்களுக்குள் உங்கள் வீட்டுக்கு யார் வந்து சேர்வார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் பெட்டகம் வாங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

உடைக்கவே முடியாத பூட்டு என்ற பேச்சு 1851-லேயே முடிந்துபோனது. அந்த ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ், இங்கிலாந்தின் பெருமையாக இருந்த சப் நிறுவனப் பூட்டைச் சாவியில்லாமல் 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்தது அது. ஹாப்ஸ் அதற்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவிட்டார், அதுவும் திறந்தது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவமானத்தில் குமைந்தன. ஆனால் அந்த இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டும் திறந்துகொண்டன என்றாலும் ஒன்று 25 நிமிடம், மற்றது 51 மணி நேரம். திருடனுக்கு 51 மணி நேரம் யார் கொடுப்பார்கள்?

இன்றைய தரச் சான்றுகள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அமெரிக்காவின் யு.எல். அமைப்பு பெட்டகத்துக்குச் சான்று தரும்முன், அதன் வரைபடத்தையே கையில் வைத்திருக்கும் தேர்ந்த ஆட்களை விட்டு உடைக்கச் சொல்கிறது. டி.எல்.-15 என்றால் சுத்தியல், துளைப்பான், நெம்புகோல், கையடக்க மின்கருவிகள் எல்லாவற்றையும் கொண்டு தாக்கியும் கதவு 15 நிமிடம் தாக்குப்பிடித்தது என்று பொருள். கருவி பெட்டகத்தைத் தொட்டிருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் வரும். மூச்சு வாங்கும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். வீட்டு உபயோகத்துக்கான அடிப்படைச் சான்றில் இந்த நேரம் வெறும் 5 நிமிடம். ஐரோப்பாவில் இ.என். 1143-1 என்ற தர அளவையில் நேரத்தோடு கருவியின் வலுவையும் பெருக்கி மதிப்பெண் போட்டு, பூஜ்யத்தில் தொடங்கிப் படிகளாகப் பிரிக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் பெட்டகங்களுக்கென ஐ.எஸ். 550 என்ற அளவை இருக்கிறது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்தத் தர அளவையின்படி, எந்தப் படியில் சான்று பெற்றது? 'ஹெவி டியூட்டி', 'பேங்க் குவாலிட்டி' என்று அட்டையில் அச்சடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சான்றின் எண்ணும் முத்திரையும் பெட்டகத்தின் மேலேயே, பெரும்பாலும் கதவின் உட்புறத்தில், தகடாக ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் கடைக்காரர் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கை வைத்து நீங்களேதான் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பிடும்போது கதவைப் பார்த்து மயங்கக் கூடாது. கதவுதான் பெட்டகத்தின் முகம். தயாரிப்பாளர் தடிமனை அங்கேதான் காட்டுவார். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் பெட்டகங்களில் கதவு நான்கைந்து மில்லிமீட்டர் இருந்தால் பக்கங்களும் முதுகும் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. மொத்த எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. அரிசி மூட்டையில் பாதிகூட இல்லை. அதை யாரும் உங்கள் வீட்டில் வைத்து உடைக்க மாட்டார்கள். போர்வையில் சுற்றித் தூக்கிப்போய், ஆளில்லாத இடத்தில் கட்டிங் மெஷினை வைத்து நிதானமாக முதுகைப் பிளப்பார்கள். பீரோவை உடைத்திருந்தால் திருடன் நகையைத் தேடியாவது இருப்பான். இங்கே நாமே எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, கைப்பிடி வைத்துக் கொடுத்துவிட்டோம்.

நிமிடங்கள் மட்டும் போதாது, அவற்றுக்குள் யாராவது வர வேண்டும் என்பதற்கு லண்டன் ஹாட்டன் கார்டன் கொள்ளையைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 2015 ஈஸ்டர் விடுமுறையில், பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கும்பல் அங்கிருந்த பாதுகாப்புப் பெட்டக நிலையத்துக்குள் இறங்கியது. பெட்டக அறையின் கனமான கதவை அவர்கள் சீண்டவே இல்லை. பக்கத்திலிருந்த அரை மீட்டர் காங்கிரீட் சுவரில் வைரமுனைத் துளைப்பானால் மூன்று ஓட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் போட்டார்கள். ஓட்டை விழுந்தது, ஆனால் அதற்கு அப்பால் நின்ற இரும்பு அலமாரி நகரவில்லை, போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். தள்ளிப்பார்த்த கருவி உடைந்தது. வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். ஆக, பொருத்துவேலை தன் கடமையைச் செய்துவிட்டது: கொள்ளையரை ஒரு நாளுக்கும் மேல் நிறுத்திவைத்தது. எச்சரிக்கை மணிகூட அடித்தது. காவலாளி வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், போலீஸ் வரவில்லை. கும்பல் புதுக் கருவி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை இரவு திரும்பி வந்து, அலமாரியைத் தள்ளிச் சாய்த்து, வேலையை முடித்தது. இரும்பும் காங்கிரீட்டும் ஈட்டிக்கொடுத்த நேரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

இதை வைத்து நம் வீட்டைப் பார்க்கலாம். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில், திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கும் தெருவில், 10 நிமிடம் தாங்கும் பெட்டகமே அதிகம்; கட்டிங் மெஷின் சத்தம் கேட்டால் எதிர்வீட்டார் வந்து நிற்பார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை யாரும் இல்லை. அதுவும் மேல் வீட்டில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தால் எந்தச் சத்தமும் சந்தேகத்தைக் கிளப்பாது. அங்கே பெட்டகத்தோடு ஒரு எச்சரிக்கை மணியும், அது அடித்தால் ஓடிவரக்கூடிய ஒரு மனிதரும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், வெளிநாட்டில் மகளின் பிரசவத்துக்குப் போகிறோம் என்று வாரக்கணக்கில் பூட்டப்படும் வீட்டைப் பொறுத்தவரை, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய எந்தப் பெட்டகமும் போதாது. அந்தக் காலத்துக்கு நகை வங்கிக்குப் போக வேண்டும். வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பண்டிகைக்குப் பண்டிகை போலீஸார் கேட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான்: ரோந்து வருபவர் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் திருடனின் நேரம் சுருங்குகிறது.

எங்கே பொருத்துவது என்பதற்கு வருவோம், ஏனென்றால் பணம் கொட்டி வாங்கியவர்கள் கோட்டை விடும் இடம் இது. ஐரோப்பியத் தர அளவையில் ஒரு டன்னுக்குக் குறைவான தனிப் பெட்டகம் எதுவானாலும் தரையிலோ சுவரிலோ பொருத்துவதற்கு வழி வைத்திருக்க வேண்டும். யு.எல். கணக்கில் அந்த எல்லை சுமார் 340 கிலோ. நம் வீட்டுக்கு வருவதெல்லாம் இவற்றின் பக்கத்திலேயே நிற்க முடியாத எடை. ஆக, போல்ட் போடாத வீட்டுப் பெட்டகம் பெட்டகமே இல்லை. பெட்டியின் அடியில் துளைகள் இருக்கும், உறைக்குள் ஆங்கர் போல்ட்டும் இருக்கும். புது டைல்ஸில் ஓட்டை போட மனம் வராமல் அந்த போல்ட்டுகள் வருடக்கணக்கில் உறை பிரியாமலே கிடக்கும். எதில் பொருத்துகிறோம் என்பதும் முக்கியம். நாலரை இஞ்சிச் செங்கல் சுவரில் அடித்த போல்ட், கடப்பாரையால் நாலு இழுப்பு இழுத்தால் செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஹாலோ பிளாக் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காங்கிரீட் தரைதான் சரியான இடம். அறையின் மூலை இன்னும் நல்லது, இரண்டு பக்கம் சுவர் இருந்தால் கடப்பாரை விடக் கோணம் கிடைக்காது. மாடி வீடாக இருந்தால் வேறொரு கணக்கும் உண்டு. குடியிருப்புத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமை என்ற அளவில்தான் வடிவமைக்கிறார்கள். 300 கிலோ பெட்டகத்தை அறையின் நடுவில் இறக்கும்முன் பொறியாளர் ஒருவரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது. தரைத்தளம் என்றால் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். அலமாரியின் அடித்தட்டில் இருந்த எதுவும் அந்த வெள்ளத்தில் தப்பவில்லை. அரை அடி காங்கிரீட் மேடை கட்டி அதன் மேல் பொருத்துவது பெரிய செலவு ஆகாது.

சுவரைப் பற்றிப் பேசும்போது திருச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை, சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பிரபல நகைக்கடைக்குள் முகமூடி அணிந்த இருவர் நுழைந்து, சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளை எடுத்துச் சென்றார்கள். முன்னாலிருந்த ஷட்டரில் ஒரு கீறல் இல்லை. பின்பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஹாட்டன் கார்டனில் நடந்தது போலவே, கதவுக்குச் செலவழித்தவர்களைத் திருடர்கள் சுவர் வழியாகச் சந்தித்தார்கள். சுவருக்குள் பதிக்கும் பெட்டகம் அழகானதுதான், படத்துக்குப் பின்னால் மறைக்கவும் வசதி. ஆனால் அந்தச் சுவரின் மறுபக்கம் மாடிப்படியோ பக்கத்து மனையோ இருந்தால், பெட்டகத்தின் மிக மெலிந்த பக்கத்தை வெளியாருக்குத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பூட்டுக்கு வருவோம். மலிவான டிஜிட்டல் பெட்டகங்களில் எண்ணைச் சரியாக அழுத்தினால் உள்ளே ஒரு சிறு மின்காந்தம் ஒரு ஊசியை இழுக்கும். ஊசி விலகினால் கைப்பிடி திரும்பும். ஊசியைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங். பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டு அதே நொடியில் கைப்பிடியைத் திருப்பினால் சில மாடல்களில் ஊசி துள்ளி வழிவிட்டுவிடும். 2012-ல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பூட்டு ஆய்வாளர் மார்க் வெபர் டோபியாஸ் குழுவினர், துப்பாக்கி வைக்கும் சிறு பெட்டகங்கள் சிலவற்றைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டே திறந்து காட்டினார்கள். 2025-ல் அதே மாநாட்டில், விலை உயர்ந்த பெட்டகங்களில் பயன்படும் ஒரு மின்னணுப் பூட்டு நொடிகளில் திறந்து காட்டப்பட்டது. எண் பூட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசிக்குப் பதில் சிறு மோட்டார் தாழ்ப்பாளை நகர்த்தும் பூட்டு குத்துக்கு மசியாது. அதையும் தனித் தரச் சான்றோடு வாங்க முடியும். மலிவான பெட்டிகளில் எண் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் அவசரச் சாவித்துளை ஒன்று இருக்கும்; அந்தத் துளையின் தரம்தான் மொத்தப் பெட்டகத்தின் தரம். கைரேகையைப் பொறுத்தவரை, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரலையும் மருதாணி வைத்த விரலையும் அது எத்தனை முறை மறுக்கிறது என்று கடையிலேயே சோதித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு ரகசிய எண்ணாகக் கல்யாண வருடத்தை வைப்பவர்களுக்கு என்ன சொல்வது? அந்தத் தேதி ஹாலில் மாட்டியிருக்கும் புகைப்படத்தின் கீழேயே எழுதியிருக்கிறது.

தீயும் திருட்டும் இரண்டு வேறு எதிரிகள் என்பதையும் கடைகள் குழப்பிவிடுகின்றன. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தபோது அதில் வெடிமருந்தோடு தங்கக் கட்டிகளும் இருந்தன. ஊரே எரிந்தது, கட்டிகள் வெகுதூரம் பறந்து விழுந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் துறைமுகத்தைத் தூர்வாரும்போது அகப்பட்டன, தங்கமாகவே. தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகினாலும் அது தங்கம்தான், செய்கூலி மட்டும் போகும். காகிதம் அப்படி இல்லை. தீத்தடுப்புப் பெட்டகத்துக்கான அமெரிக்கச் சான்று, வெளியே தீ எரியும்போது உள்ளே 177 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்கிறது. அது காகிதத்துக்கான அளவு. ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு 52 டிகிரிதான் எல்லை. இந்தக் குளிர்ச்சியைத் தருவது சுவருக்குள் அடைத்திருக்கும் ஈரப்பதம் கொண்ட ஜிப்சமும் சிமென்ட் கலவையும். அந்தக் கலவைக்கு வெளியே இருக்கும் தகடு பெரும்பாலும் மெல்லியது, திருடனுக்கு எளிது. கலவையின் ஈரம் சாதாரண நாட்களிலும் உள்ளே கசிவதால், பத்திரங்கள் பூசணம் பிடிப்பதும் முத்து மங்குவதும் உண்டு. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நகைக்குத் திருட்டைத் தாங்கும் பெட்டகம், பத்திரத்துக்குத் தீயைத் தாங்கும் பெட்டி என்று பிரித்துக்கொள்வது இரண்டையும் பாதியாகச் செய்யும் ஒரு பெட்டியைவிட நல்லது. மூலப் பத்திரம் எரிந்துபோனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று அலைந்தவர்களுக்கு நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

இத்தனைக்கும் எழக்கூடிய முதல் மறுப்பு, வங்கி லாக்கர் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு என்பது. நியாயமான கேள்வி. வருடத்தில் இரண்டு முறை மட்டும் கழுத்தில் ஏறும் ஒட்டியாணமும் காசுமாலையும் வங்கியில்தான் இருக்க வேண்டும். ஆனால் வங்கி லாக்கரைப் பற்றி நம்மிடம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: அங்கே வைத்தால் வங்கி முழுப்பொறுப்பு என்று. லாக்கர் விஷயத்தில் வங்கிகள் கைகழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னதைத் தொடர்ந்து, ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கி தர வேண்டிய உச்சத் தொகை ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 90,000 ரூபாய்ப் பவுனில் அது மூன்றரைப் பவுன்கூட ஆகாது. வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் என்றால் அதுவும் பொறுப்பில் வராது, வங்கி தன் பங்குக்கு எச்சரிக்கையாக இருந்திருந்தால். ஆகவே வங்கியும் வாடகைக்கு விடுவது கனமான சுவரையும் கண்காணிப்பையும்தான். அதற்கு மேல் திங்கள் காலை முகூர்த்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நகை எடுக்க முடியாத சங்கடம் வேறு. தினமும் போட்டுக் கழற்றும் நகை, கல்யாண சீசனில் எடுத்து வைத்தது, கையிருப்புப் பணம், கடவுச்சீட்டு என்று எப்படியும் வீட்டில் தங்கும் பகுதி ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெட்டகம் அந்தப் பகுதிக்கானது, குடும்பத்தின் மொத்தச் சேர்ப்புக்கானது இல்லை.

அடுத்தது பாட்டிமார்களின் மறுப்பு: அரிசிப் பானையிலும் துவரம்பருப்பு டப்பாவிலும் போட்டு வைத்தால் எவன் கண்டுபிடிப்பான்? பெட்டகம் என்று ஒன்று இருந்தாலே 'இங்கே வா' என்று கூப்பிடுகிறதே? இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒளித்து வைப்பதும் நேரத்தை வாங்கும் வழிதான். ஆனால் பருப்பு டப்பா என்ற ரகசியம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒளித்தவருக்கு மறந்துபோய்ப் பழைய பேப்பர்காரரிடம் டப்பாவோடு போன கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஒளிப்பதைப் பெட்டகத்துக்கே செய்யலாம்: படுக்கையறை பீரோவுக்குள் வைக்காமல், சமையலறைப் பரணுக்குக் கீழோ மாடிப்படி அடியிலோ, திருடன் கடைசியாகத் தேடும் இடத்தில். வாங்கி வந்த அட்டைப்பெட்டியைத் தெருவில் குப்பைத் தொட்டியோரம் நிறுத்தி வைக்காமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி.

கத்தியைக் காட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இரும்பில் விடை கிடையாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகேயும் 2025-ல் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் நகைக்காகக் கொல்லப்பட்டபோது கொங்கு மண்டலமே அதிர்ந்தது. ஊரை விட்டுத் தள்ளி, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கும் வீட்டில் ஒரு பெட்டகத்தின் சாவியைக் கையில் வைத்திருப்பது முதியவருக்குப் பாதுகாப்பு ஆகாது, ஆபத்து. முன்பு சொன்ன கணக்கேதான்: யாரும் வராத இடத்தில் நிமிடங்களுக்கு மதிப்பில்லை. அங்கே வீட்டில் நகையே இருக்கக் கூடாது. இல்லை என்பது ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மிரட்டும் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்பது தனிப் பிரச்சினை. 2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் சுமார் 32 கிலோ தங்கம் கொள்ளை போனதாகச் செய்தி வந்தபோது, முன்னின்று நடத்தியவர் அதே நிறுவனத்தின் ஊழியர் என்றது போலீஸ். வேலியே பயிரை மேய்ந்த கதை. கிலோக்கணக்கில் இரும்பு இருந்தது. உள்ளிருப்பவரின் அறிவுக்கு முன்னால் அது எடுபடவில்லை. வீட்டிலும் இப்படித்தான். நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி மேல் விழுகிறது, பெரும்பாலும் அநியாயமாக. லாக்கரை ஆண்டுக்கணக்கில் திறக்காமல் இருந்துவிட்டு, திறந்த அன்று காணோம் என்றால் எப்போது போனது, யார் இருந்தபோது போனது என்று யாருக்கும் சொல்ல முடியாது. சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வீட்டில் வேலை செய்பவருக்குத்தான் அதிக நிம்மதி. மாதம் ஒரு முறை திறந்து எண்ணிப் பார்ப்பது பேராசைக்காரன் வேலை இல்லை, கணக்கு வைத்திருப்பவன் வேலை.

காப்பீடு இருக்கிறதே என்பவர்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. 2021 ஏப்ரலில் இருந்து எல்லாக் கம்பெனிகளும் ஒரே வடிவில் தரும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில், தீ, வெள்ளம் போன்ற ஒரு விபத்தைத் தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் இடமுண்டு. சாதாரணமாகப் பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும், நகைக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்படி எடுத்தாலும் இழந்ததை நிரூபிக்கப் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு நகையையும் வெள்ளைத்துணி மேல் வைத்து ஒரு படம், எடை, பில், 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதென்றால் அதில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட ஹால்மார்க் அடையாளக் குறியீடு. இந்தப் பட்டியலைப் பெட்டகத்துக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டகம் போனால் பட்டியலும் சேர்ந்து போகும்.

செலவுக்கு வருவோம். அதே 90,000 கணக்கில் ஐந்து பவுனில் ஒரு ஆரம் வாங்கினால், 12 சதவீதம் சேதாரம் என்று வைத்தாலும் 54,000 ரூபாய் காற்றில் போகிறது. அதைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். அந்தத் தொகைக்குள் தரச் சான்றுள்ள, காங்கிரீட்டில் பொருத்தக்கூடிய ஒரு வீட்டுப் பெட்டகத்தைத் தேட முடியும். வந்து இறங்கிய அன்றே நான்கு போல்ட்டையும் போடச் சொல்ல வேண்டும், நாளைக்கு என்றால் அந்த நாளை வராது. பொருத்த வந்தவர்கள் கிளம்பிய பிறகு கம்பெனி வைத்து அனுப்பிய ரகசிய எண்ணை மாற்ற வேண்டும். சாவி வளையத்தில் ஒரு சிறு தகடு தொங்கும், அதில் சாவியின் எண் இருக்கும். மாற்றுச் சாவி செய்ய அது போதும் என்பதால் கழற்றிப் பட்டியலோடு வைத்துவிட வேண்டும். சாவி இரண்டு வரும். ஒன்று வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் தவிர வேறு எங்காவது. இன்னொன்று வங்கி லாக்கரில், காசுமாலைக்குப் பக்கத்தில்.